மறு: ‘உயிர்ப் பூஞ்சைக்கொல்லி’ வேணாமே

வணக்கம் அண்ணா,

டிரைக்கோடெர்மா மாதிரி நல்லது செய்யுற மண் பூஞ்சைகளுக்கு, பாக்கெட்ல அச்சடிக்கிற பொதுப்பேரா ‘உயிர்ப் பூஞ்சைக்கொல்லி’ன்னே வச்சிடலாம்னு நேத்து எழுதியிருந்தீங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்தக் ‘கொல்லி’யால எங்க வீட்லயே ஒரு கூத்து நடந்துச்சு. சித்தப்பா தக்காளி நாத்து விடுறதுக்கு விதைநேர்த்தி பண்றேன்னு கார்பன்டசிம்ங்கிற ரசாயனப் பூஞ்சைக்கொல்லியையும் டிரைக்கோடெர்மா விரிடி பவுடரையும் ஒரே டப்பால போட்டுக் குலுக்கிட்டு இருந்தாரு. என்ன சித்தப்பா இதுன்னா, "ரெண்டும் பூஞ்சைக்கொல்லிதானடா, டபுளா கேக்கும்ல"ங்கிறாரு. கார்பன்டசிம் அந்த டப்பாவுக்குள்ள முதல்ல காலி பண்றதே விரிடியத்தான்! அப்புறம் மேட்டுப்பாத்தில நாத்து திட்டுத் திட்டா சாஞ்சு கெடந்துச்சு, இலையெல்லாம் பச்சையாவே இருக்கு, தண்டு மண்ணத் தொடுற இடம் மட்டும் வெந்நி பட்ட மாதிரி நைஞ்சு நூலாட்டம் ஆயிருந்துச்சு, நாத்தழுகல் நோயேதான்.

அவர் மேல தப்பில்ல, சொல்லு அப்படி. கொல்லின்னா மருந்து, மருந்த மருந்தோட கலக்கலாம். பாக்கெட்ல இருக்கிறது டால்க் மாவுல கலந்த உசுருள்ள வித்துன்னு அந்தப் பேர்ல எங்க தெரியுது?

வேளாண் கையேடுகள்ல வர்ற ‘எதிர் உயிர் பூஞ்சாணம்’ பரவால்ல, ஆனா ஆன்டிபயாட்டிக்குக்கும் இதே எதிரையும் உயிரையும் வச்சுத்தான் சொல் ஓடிட்டு இருக்கு, குழப்பும்.

அக்கா சொன்ன ‘பூஞ்சையுண்ணி’ எனக்கு ரொம்பப் பிடிச்சுது. 1932ல வெயிண்ட்லிங்னு ஒரு ஆராய்ச்சியாளர் எழுதினதே அதைத்தானே, டிரைக்கோடெர்மா இழை ரைசக்டோனியாங்கிற நோய்ப் பூஞ்சையோட இழையப் பாம்பு மாதிரி சுத்திக்கிட்டு உள்ள புகுந்து தின்னுடுது. அப்புறம் 1936ல அவரும் ஃபாசெட்டும் கலிபோர்னியாவுல எலுமிச்சை வகை நாத்தழுகலுக்கே இத வச்சு சோதனை பண்ணாங்க. ஆனா ரெண்டு இடத்துல இடிக்குது. இது தின்னு மட்டும் ஜெயிக்கிறதில்ல, வேரச் சுத்தி இடத்தையும் சாப்பாட்டையும் முன்னாடியே பிடிச்சுக்கும், எதிராளிக்கு ஆகாத சரக்கையும் கக்கும். இன்னொண்ணு, நாத்தழுகல்ல பாதி வில்லன் பித்தியம், அது உண்மையில பூஞ்சையே கிடையாது, செல் சுவர் பூஞ்சைக்கு இருக்கிற மாதிரி கைட்டின் இல்ல, பெரும்பாலும் செல்லுலோஸும் குளுக்கனும். பூஞ்சையே இல்லாதத அடக்குறப்போ பூஞ்சையுண்ணின்னு எப்படிக் கூப்பிடுறது? அந்தச் சொல்ல இழை சுத்தித் தின்னுற வேலைக்கு மட்டும் வச்சுக்கலாம்.

பொதுப்பேரா நான் சொல்றது ‘காவல் பூஞ்சை’. காவக்காரன்னா உசுரு, அவனுக்குச் சோறு போடணும், அவன் இருக்கிற எடத்துல விஷம் வைக்கக் கூடாது, எல்லாம் அந்த ஒரு சொல்லுலயே வந்துடுது. விதை கிலோவுக்கு 4 கிராம், வயலுக்குன்னா ஹெக்டேருக்கு 2.5 கிலோவ 50 கிலோ தொழுவுரத்துல கலந்து போடுங்கன்னு சொல்றாங்கல்ல, அந்தத் தொழுவுரம் எதுக்குன்னு சித்தப்பா கேட்டா இனிமே எனக்குப் பதில் சொல்றது சுலபம்.

நடுவுல ஒண்ணு, ‘நாற்றழுகல்’னு எழுதினா பட்டணத்துப் பசங்க நாத்தம் புடிச்ச அழுகல்னு படிக்கிறாங்க :) ‘நாற்றுச்சாய்வு’ன்னு மாத்தலாமான்னு பாத்தேன், ஆனா பாதி விதை முளைச்சு வெளிய வர்றதுக்கு முன்னாடியே மண்ணுக்குள்ள அழுகிடும், அது எங்க சாயுறது? இருக்கிறதே இருக்கட்டும்.

---

தம்பி, கொல்லிய வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா ‘காவல் பூஞ்சை’ன்னா வேர் உட்பூசணத்தையும் (மைக்கோரைசா) சேத்துக்குவாங்களேப்பா, அதுவும் வேர்லதான இருக்கு?

---

அண்ணா, அது பயிருக்குள்ளயே குடியிருந்து மணிச்சத்து (பாஸ்பரஸ்) எடுத்துக் குடுத்துட்டுப் பதிலுக்குச் சர்க்கரை வாங்கிக்கிற பங்காளி, முக்கிய வேலை காவல் இல்ல. வேணும்னா விளக்கத்துல ‘நோய்க்கிருமிகளை அடக்கும்’னு ஒரு வரி சேத்துடுவோம். கடையில எப்படியும் எல்லாரும் "ஒரு கிலோ விரிடி குடுங்க"ன்னுதான் கேக்கப் போறாங்க, நம்ம சண்டை பாக்கெட்டுக்குப் பின்னாடி என்ன அச்சடிக்கிறதுங்கிறதுக்குத்தான்.