டெஸ்ட் முடிந்தும் ஜெட்டி நிற்கவில்லை, 8080 போர்ட் பிஸி

செமிகோலன்:
வணக்கம். ஜாவா 17, ஜெட்டி 11 (வெப் சர்வர்), மேவன் (பில்ட் டூல்). ஒவ்வொரு டெஸ்ட் கிளாஸும் தனக்கென்று ஒரு எம்பெடட் ஜெட்டியை (கோடுக்குள்ளேயே ஓடுவது) 8080 போர்ட்டில் கிளப்புகிறது. ஐடிஇ-யில் (கோட் எழுதும் எடிட்டரில்) தனித்தனியாக ஓட்டினால் எல்லாம் பாஸ். மேவனில் மொத்தமாக ஓட்டினால் இரண்டாவது கிளாஸிலேயே பைண்ட்எக்செப்ஷன்: ‘அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்’. கடைசியில் சர்வர்.ஸ்டாப்() இருக்கத்தான் செய்கிறது. டெஸ்ட் லைப்ரரியான ஜேயூனிட்டில் 4-இலிருந்து 5-க்கு மாறிய பிறகுதான் இந்தத் தொல்லை.

நள்ளிரவு_பில்ட்:
மேவனில் டெஸ்ட்டுகளை ஓட்டும் ஷ்யூர்ஃபயர் ப்ளகினில் ரீயூஸ்ஃபோர்க்ஸ் செட்டிங்கை ஃபால்ஸ் ஆக்கிப் பாருங்கள்.

செமிகோலன்:
பாஸ் ஆகிறது. ஆனால் பில்ட் ஆமையாக நகர்கிறது.

பிழைபிடிப்பான்:
நகரத்தான் செய்யும், கிளாஸுக்கு ஒரு புது ஜேவிஎம் (ஜாவாவை ஓட்டும் ப்ராசஸ்) எழும்புகிறதே. அதைப் பழையபடி மாற்றிவிடுங்கள். ஷ்யூர்ஃபயர் வழக்கமாக எல்லா கிளாஸையும் ஒரே ஜேவிஎம்மில் ஓட்டும், அதனால் முதல் கிளாஸின் ஜெட்டி நிற்காவிட்டால் 8080-ஐப் பிடித்தபடியே இருக்கும். ஐடிஇ-யில் ஒரு கிளாஸை மட்டும் ஓட்டினால் ஜேவிஎம் மூடும்போது போர்ட்டும் விடுபட்டுவிடும். அதனால் ஸ்டாப் நடக்காதது வெளியே தெரியாது. ஸ்டாப் இருக்கும் மெத்தடுக்கு மேல் என்ன அனோடேஷன் (@ போட்ட குறிப்பு)? இம்போர்ட் வரியையும் போடுங்கள்.

செமிகோலன்:
@ஆஃப்டர்கிளாஸ். இம்போர்ட் ஓஆர்ஜி.ஜேயூனிட்.ஆஃப்டர்கிளாஸ். ஸ்டார்ட் மட்டும் @பிஃபோர்ஆல்.

பிழைபிடிப்பான்:
அதுதான் விஷயம். ஆஃப்டர்கிளாஸ் ஜேயூனிட் 4-உடையது. ஜேயூனிட் 5 அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது, எரரும் தராது. ஸ்டார்ட் ஓடாவிட்டால் டெஸ்ட் உடனே விழும், அதனால் அதை யாரோ திருத்தியிருப்பார்கள். ஸ்டாப் ஓடாவிட்டால் அந்த கிளாஸில் எதுவும் விழாது. @ஆஃப்டர்ஆல் போடுங்கள், மெத்தட் ஸ்டாட்டிக்காக இருக்கட்டும். முடிந்தால் பாம் ஃபைலில் (மேவனின் செட்டிங் ஃபைல்) ஜேயூனிட் 4 டிபெண்டென்சியையே தூக்கிவிடுங்கள். மிச்சமிருக்கும் பழைய இம்போர்ட் எல்லாம் கம்பைலிலேயே மாட்டும்.

செமிகோலன்:
சரியாகிவிட்டது, நன்றி! டிபெண்டென்சியை எடுத்ததும் இன்னும் சில கிளாஸ்கள் மாட்டின. அப்புறம் ஒரு சந்தேகம்: 8080-க்குப் பதிலாக போர்ட் 0 கொடுக்கலாமா?

பிழைபிடிப்பான்:
தாராளமாக. காலியாக இருக்கும் போர்ட்டை ஓஎஸ்ஸே கொடுக்கும். ஸ்டார்ட் ஆன பிறகு சர்வர்.கெட்யூஆர்ஐ() மூலம் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள், முன்னால் கேட்டால் கிடைக்காது. ஆனால் முதலிலேயே 0 போட்டிருந்தால் இந்தப் பிழை கண்ணில் பட்டிருக்காது. ஜெட்டிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து மெமரியைத் தின்றுகொண்டிருக்கும். அதனால் ஆஃப்டர்ஆல் மெத்தடில் சர்வர்.இஸ்ஸ்டாப்டு() ட்ரூ தருகிறதா என்று ஒரு அசெர்ட்டும் (பொய்யானால் டெஸ்ட்டை விழவைக்கும் வரி) போட்டுவிடுங்கள்.