அமெரிக்க மருத்துவக் காப்பீட்டுச் சட்டமான ஒபாமாகேரை நீக்கிவிட்டு வேறு சட்டம் கொண்டுவர உண்மையிலேயே ஆதரவு இருக்கிறதா?

ஓஹையோக்காரன் கேட்டது:
கூட வேலை பார்ப்பவர் ஒருவர் தீவிர குடியரசுக் கட்சி ஆதரவாளர், நல்ல மனிதர். "பாதி நாடு ஒபாமாகேர் வேண்டாம் என்கிறது, எங்கள் ஆட்கள் இத்தனை தேர்தலில் ஜெயித்தும் அது ஏன் இன்னும் உட்கார்ந்திருக்கிறது?" என்று மதியம் கேட்டார், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. 2010இல் சட்டம் வந்ததிலிருந்து 'நீக்கு, மாற்று' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன், மாற்று என்று எதைத்தான் சொல்கிறார்கள்? கட்சிச் சண்டை வேண்டாம், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சதவீதக்கிறுக்கன்:
என்ன கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் பதில் வரும். 'ஒபாமாகேர்' என்ற பெயரைக் கேட்டதும் முகம் சுளிக்கிற அதே ஆள், 26 வயதுவரை பிள்ளைகளைப் பெற்றோர் பாலிசியில் வைத்திருக்கலாமா, ஏற்கெனவே நோய் இருப்பவருக்குக் காப்பீடு மறுக்கலாமா என்று தனித்தனியாகக் கேட்டால் சட்டத்தின் பக்கம் வந்துவிடுவார். 2017 தொடக்கத்தில் வந்த ஒரு கணிப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஒபாமாகேரும் அஃபோர்டபிள் கேர் ஆக்டும் ஒன்றுதான் என்பதே தெரியவில்லை!

அப்புறம், 'பிடிக்கவில்லை' என்பவர்களில் ஒரு பகுதி, இது போதாது, எல்லாருக்கும் அரசே காப்பீடு தர வேண்டும் என்கிற கூட்டம். அவர்களையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டுதான் உங்கள் நண்பர் பாதி நாடு என்கிறார்.

2017 மே மாதம் கீழவையில் 217-213 என்று மாற்று மசோதா நிறைவேறியது. ஜூலை 28 அதிகாலை செனட்டில் சுருக்கிய வடிவம்கூட 49-51இல் தோற்றது, குடியரசுக் கட்சி செனட்டர் மெக்கெய்ன் கட்டைவிரலைக் கீழே காட்டியது அப்போதுதான். சுகாதார ஆய்வு அமைப்பான கே.எஃப்.எஃப். எடுக்கும் கணிப்புகளில் பெரும்பாலும் நாற்பது சதவீதச் சொச்சத்தில் கிடந்த ஒபாமாகேருக்கான ஆதரவு ஐம்பதைத் தாண்டியதும் அந்த வருடம்தான், 2024இல் அறுபதை ஒட்டி இருந்தது.

சொந்தத்தொழில்:
கிறுக்கன் சொல்வது ஒரு பக்கம்தான். கம்பெனி காப்பீட்டில் இருப்பவர்களுக்கு இந்த வலி தெரியாது. நான் சொந்தமாகத் தொழில் செய்கிறேன், பிரீமியத்துக்கு அரசு தரும் மானியத்துக்கான வருமான வரம்பைக் கொஞ்சம் தாண்டியவன். பாலிசி விற்கும் மத்திய அரசின் சந்தைத்தளத்தை நம்பிய மாநிலங்களில் தனிநபர் பாலிசியின் சராசரி பிரீமியம் 2013க்கும் 2017க்கும் இடையில் இரண்டு மடங்குக்கு மேல் ஆனது (பழைய பாலிசிகளில் ஓட்டைகள் அதிகம், ஒப்புக்கொள்கிறேன்). எனக்கும் மனைவிக்கும் ஐம்பது தாண்டிவிட்டது, ஆனால் பிரசவச் செலவையும் சேர்த்த பாலிசியைத்தான் வாங்க முடியும்.

மாற்று இல்லை என்பதும் சரியல்ல. மருத்துவச் செலவுக்கு வரியில்லாமல் சேமிக்கும் எச்.எஸ்.ஏ. கணக்கைப் பெரிதாக்குவது, வயதுக்கேற்ற வரிச்சலுகை, மாநில எல்லை தாண்டி பாலிசி வாங்குவது, ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டின் பணத்தை மொத்தமாக மாநிலங்களிடம் கொடுத்துவிடுவது எல்லாம் வருடக்கணக்காகப் பேசப்படுபவை. 2021இல் கொடுத்த கூடுதல் மானியம் எனக்கு உதவியது உண்மைதான். அதுவும் முதலில் 2022 வரை, பிறகு நீட்டித்து 2025 கடைசி வரை என்றே எழுதப்பட்டது. மானியம் விலையைக் குறைக்காது, பில்லை வேறு ஆளிடம் நீட்டுகிறது, அவ்வளவுதான்.

மலைப்பாதை:
தொழில்காரர் சொல்லும் வலி நிஜம். ஆனால் அந்த மாற்றுகளைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தபோது என்ன ஆனது? 2017 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகம் அந்த மாற்று மசோதாவின் முதல் வடிவத்துக்குப் போட்ட கணக்கில், 2026இல் 21 வயதில் 68,200 டாலர் சம்பாதிப்பவருக்கு வருடப் பிரீமியம் 5,100 டாலரிலிருந்து 1,450க்கு இறங்குகிறது. 64 வயதில் 26,500 டாலர் சம்பாதிப்பவருக்கு மானியம் போக 1,700 டாலராக இருப்பது 14,600 ஆகிறது. இளைஞரிடம் வாங்குவதைப்போல மூன்று மடங்குதான் முதியவரிடம் வாங்கலாம் என்று இருந்ததை ஐந்து மடங்காக்கி, மானியத்தையும் வருமானத்தைவிடப் பெரும்பாலும் வயதைப் பார்த்தே கொடுக்கப் பார்த்தார்கள், அதனால்தான் இது. 'மாற்று' என்ற சொல்லுக்குக் கை தூக்கியவர் இந்த அட்டவணையைப் பார்த்ததும் கையை இறக்கிவிட்டார்.

இன்னொன்றும் சொல்லுங்கள் அவரிடம். மெடிகெய்டில் இன்னும் பலரைச் சேர்க்கும் விரிவாக்கம் இந்தச் சட்டத்தின் பெரிய பாகம், உச்ச நீதிமன்றத்தின் 2012 தீர்ப்புக்குப் பிறகு மாநிலங்கள் விரும்பினால்தான் சேரலாம். ஐடஹோ, யூட்டா, நெப்ராஸ்கா 2018இல், ஓக்லஹோமா, மிசோரி 2020இல், தெற்கு டகோட்டா 2022இல், எல்லாமே ட்ரம்ப் ஜெயித்த மாநிலங்கள், மக்களே நேரடியாக வாக்களித்து அதைக் கொண்டுவந்தார்கள்.

சொந்தத்தொழில்:
அட்டவணை பற்றிச் சொன்னது நியாயம். ஆனால் அதில் அந்த 21 வயதுப் பையன் இன்றைக்கும் அதிகமாகக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறான், அவனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எங்கள் பக்கத்துக் கோபம் 2024 விவாதத்தில் 'திட்டத்துக்கான யோசனைகள் இருக்கின்றன' என்ற ட்ரம்ப் மேலும்தான். பதினான்கு வருடம் கழித்தும் யோசனைதானா?

சதவீதக்கிறுக்கன்:
இதில் தொழில்காரரோடு எனக்குச் சண்டையே இல்லை. ஒபாமாகேரில் வந்த, காப்பீட்டைக் கட்டாயமாக்கும் யோசனையே 1989இல் வலதுசாரி ஆய்வு அமைப்பான ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் முன்வைத்தது, 2006இல் குடியரசுக் கட்சி ஆளுநர் ராம்னி மாசசூசெட்ஸில் செய்து காட்டியது. குடியரசுக் கட்சியின் சரக்கை ஒபாமா எடுத்துக்கொண்டுவிட்டார், அவர்களுக்குப் புதிதாக ஒன்று கண்டுபிடிக்க வேண்டிய நிலைமை.

ஓஹையோக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. நண்பருக்கு வயது 62. அடுத்த வருடம் வேலையை விட்டுவிட்டு, 65இல் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் வரும்வரை சந்தையில் பாலிசி வாங்கிச் சமாளிக்கப் போகிறாராம். 64 வயதுக் கணக்கை நாளைக்கு அவர் சாப்பிட்டு முடித்தபிறகு சொல்கிறேன்.