பழைய பைப், தேய்ந்த முத்திரை: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

புகை பிடிக்கும் பழைய பிரையர் மரப் பைப் வாங்கி ஏமாந்தது, எதிர்பாராமல் நல்லது சிக்கியது, எதுவானாலும் எழுதுங்கள். முதலில் என் அசட்டுத்தனம்.

லண்டன் பெர்மண்ட்ஸியில் வெள்ளிக்கிழமை விடியற்காலையில் கூடும் பழம்பொருள் சந்தை. ஒரு பெரியவரின் விரிப்பில் கரண்டிகளுக்கும் கடிகாரச் சங்கிலிகளுக்கும் நடுவே அயர்லாந்துக் கம்பெனியான பீட்டர்சனின் வளைந்த பைப் ஒன்று கிடந்தது. தண்டில் வெள்ளைப் பூண், பூணில் வரிசையாக மூன்று குட்டி முத்திரைகள். ஹால்மார்க், அசல் வெள்ளி என்று மனசு துள்ளியது. பேரம்கூடப் பேசாமல் 60 பவுண்டை நீட்டிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒரு ஷாம்ராக் இலை, ஒரு நாய், ஒரு கோபுரம். டப்ளினில் சோதித்த வெள்ளி என்றால் கிரீடம் வைத்த யாழும், உட்கார்ந்திருக்கும் ஹைபர்னியாவும் (அயர்லாந்தைக் குறிக்கும் பெண் உருவம்), ஆண்டைக் குறிக்கும் எழுத்தும் இருக்க வேண்டும். இது நிக்கல் பூண். இலை, வேட்டைநாய், வட்டக்கோபுரம் மூன்றும் கம்பெனி தன் நிக்கல் பூண்களில் அடித்த சொந்தக் குறிகள். தெரிந்தவர்களுக்கு இது பாலபாடம். நான் அன்றுதான் படித்தேன்.

ஒரு வாரம் அதைத் தொடவே இல்லை. அப்புறம் சும்மா இருக்கப் பிடிக்காமல் எபோனைட் என்ற கெட்டி ரப்பர் வாய்க்குழலைத் தேய்க்க உட்கார்ந்தேன். வெயில்பட்டுப் பச்சையும் பழுப்புமாகப் போயிருந்தது. ஈர உப்புத்தாளில் இழுக்க இழுக்க வெந்த ரப்பரும் கந்தகமும் கலந்த நாற்றம். மனைவி என்னைப் பால்கனிக்கு விரட்டினாள். அங்கே டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தபோதுதான் மரத்தில் பூனை முடி கனத்துக்கு எழுத்து தெரிந்தது: 'ஐரிஷ் ஃப்ரீ ஸ்டேட்'. அந்தப் பெயரில் ஒரு நாடு இருந்தது 1922 முதல் 1937 வரைதான். அதன் பிறகு எய்ரே, 1949 முதல் அயர்லாந்து குடியரசு. பட்டறையில் பழைய அச்சை மறுநாளே தூக்கி எறிந்திருப்பார்களா என்ன, அதனால் ஓரிரண்டு வருஷம் தள்ளி வைத்துக்கொள்கிறேன். வெள்ளி போனால் போகட்டும்.

*

உங்களுக்காவது எழுத்து மிஞ்சியது. நான் வாங்கிய டன்ஹில் கம்பெனிப் பைப்பில் 'மேட் இன் இங்கிலாண்டு' முடிகிற இடத்தில் சின்னதாக ஓர் எண் இருந்தது, வருஷத்தைச் சொல்வதே அதுதான். பளபளப்பாக்குகிறேன் பேர்வழி என்று மோட்டார் சக்கரத்தில் பிடித்தேன். பத்து நொடி இருக்குமா? மரம் கண்ணாடி மாதிரி மின்னியது. எண்ணைக் காணோம். இப்போது பஞ்சும் ஆல்கஹாலும் தவிர வேறு எதையும் முத்திரைப் பக்கம் கொண்டுபோவதில்லை.

*

வெள்ளிப் பூண் கிடைத்தவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். நங்கூரம் இருந்தால் பர்மிங்ஹாம், சிறுத்தைத் தலை இருந்தால் லண்டன். பர்மிங்ஹாமில் ஆண்டெழுத்து 25 வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். 1925-க்கும் 'ஏ', 1950-க்கும் 'ஏ'. எழுத்தின் வடிவத்தையும் சுற்றியிருக்கும் கட்டத்தையும் பார்க்காமல் நான் ஒன்றை 25 வருஷம் மூப்பாக்கி விற்றுவிட்டேன். பிறகு பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், மானம் போனது போனதுதான். இன்னொன்று, பூண் சொல்வது பூணின் வயசை மட்டும். உடைந்த தண்டுக்குப் பிற்பாடு பூண் போட்ட பைப்புகள் ஏராளம்.

*

எங்கள் வீட்டுப் பைப் கடையில் வாங்கியதல்ல. தாத்தா இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். ஊருக்குப் புறப்பட்ட பெரிய தொரை, அதாவது தோட்டத்தின் வெள்ளைக்கார மேலாளர், அதைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாராம். தாத்தாவுக்கு வெற்றிலைதான் உயிர், புகை பிடிக்க மாட்டார். பைப்பைத் துணியில் சுற்றி அலுமாரியில் வைத்திருந்தார். "வெள்ளக்காரன் போனப்ப குடுத்தது" என்று மட்டும் சொல்வார். 1948-இல், சுதந்திரத்தப்போ என்று மாமா எல்லோரிடமும் அளந்துவிட்டிருந்தார். நானும் நம்பினேன்.

போன வருஷம் பைப்பை லெஸ்டருக்குக் கொண்டுவந்து, இதில் பழகிய ஒரு நண்பரிடம் காட்டினேன். வாய்க்குழலில் டன்ஹில்லின் அடையாளமான வெள்ளைப் புள்ளி, ஆக டன்ஹில். கடைசியில் 12 என்ற எண். எனக்குத் தலைகால் புரியவில்லை, 1920-உடன் 12-ஐக் கூட்டினால் 1932 அல்லவா! அவர் அவசரப்படவில்லை. பைப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பேட்டன்ட் எண் எங்கே?" என்றார். 1932-ஆக இருந்தால் பேட்டன்ட் எண்ணும் கூடவே அடித்திருப்பார்களாம். இதில் இல்லை. 12 என்பதும் பக்கத்து எழுத்தின் அளவிலேயே இருந்தது. பழையதில் அது பொடிசாக, மேலே தூக்கி, அடிக்கோட்டோடு இருக்கும். போதாததற்கு வட்டத்துக்குள் 4 என்று பருமனைக் காட்டும் எண் வேறு. அந்தக் குறி 1950 வாக்கில்தான் வந்தது. அப்படியானால் 1960-உடன் 12-ஐக் கூட்ட வேண்டும். 1972.

மாமாவிடம் சொல்லப் பயந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மா சிரித்துவிட்டார். "வெள்ளக்காரன் போனப்பன்னா, தோட்டத்தை அரசாங்கம் எடுத்தப்பதான்டா. எழுபத்தஞ்சு. பங்களாவுல இருந்து அப்பா அத மடியில கட்டிக்கிட்டு வந்தத நானே பாத்தேன். சுதந்திரம்னு உங்க மாமா சொன்னாரு, நீங்க யாரும் எங்கிட்ட கேக்கல."