பெருந்தொற்றுக் காலக் கட்டுப்பாடுகள்: இன்னமும் மனசை உறுத்துற சம்பவம் எது?

கண்மணி:
ஊரடங்கு, முகக்கவசம்னு எல்லாத்துக்கும் ஆதரவா நின்னவதான் நான், அந்த வெப்பமானித் துப்பாக்கி வர்ற வரைக்கும். அலுவலக வாசல்ல காவலாளி நெத்திக்கு நேரா நீட்டினார். 32 டிகிரி. "நார்மல், போங்கம்மா"ன்னுட்டார். நிஜமாவே உடம்புச் சூடு 32-ன்னா ஆளைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடணும்! பின்னாடி வந்தவருக்கும் 32. அதை நோட்டுல முத்து முத்தான கையெழுத்துல எழுதிக்கிட்டார். இப்ப எந்த அறிவிப்பு வந்தாலும் "இதுவும் நோட்டுக்குத்தானா?"ன்னு தோணுது.

வழிப்போக்கன்:
தெர்மாமீட்டர் தப்பாக் காட்டினா அதுக்கு ஊரடங்கு என்னங்க பண்ணும்? ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க. எனக்கு விதி மேல கோபமில்லை, அது யாருக்குங்கிறதுலதான். பெரியப்பா காரியத்துக்கு ஆள் கணக்கு. கணக்கு முடிஞ்சுபோச்சு, கூடப்பிறந்த தம்பி, எங்கப்பா, கேட்டுக்கு வெளியே. உள்ளே இருந்த யாரோ போனைத் தூக்கிப் பிடிச்சாங்க. கூப்பிடு தூரத்துல நடக்கிறதை அப்பா வீடியோ கால்ல பார்த்தார். பிரிட்டன்ல ஊரடங்கு போட்ட பிரதமர் போரிஸ் ஜான்சனுக்கே விதியை மீறினதுக்காக 2022 ஏப்ரல்ல அபராதம்னு செய்தி வந்தப்போ டிவியை அணைச்சுட்டு எழுந்து போயிட்டார்.

காற்றோட்டம்:
பஸ்ல ஒருத்தரை முகக்கவசம் போடச் சொன்னேன். "முதல்ல வேண்டாம்னாங்க, இப்ப வேணும்கிறாங்க, நாளைக்கு என்ன சொல்வாங்களாம்?"னு எகிறினார். அவ்வளவுதான் என் கதை. ஆனா ஆள் சொன்னதுல விஷயம் இருக்கு. ஆரோக்கியமா இருக்கிற பொதுமக்கள் கவசம் போட்டா தொற்று வராதுங்கிறதுக்கு ஆதாரமில்லைன்னு 2020 ஏப்ரல்ல சொன்ன உலக சுகாதார அமைப்பு, ஜூன் 5-ல நெரிசலான இடங்கள்ல துணிக்கவசம் போடலாம்னுச்சு. ஆதாரம் மாறினா ஆலோசனையும் மாறத்தான் செய்யும். ஏன் மாறுச்சுன்னு புரியுற மாதிரி சொல்லியிருக்கணும். எதிர்ப்பும் புதுசில்லை, 1919-லயே சான் பிரான்சிஸ்கோவுல முகக்கவச எதிர்ப்புச் சங்கம் வெச்சவங்க உண்டு. அதனால எல்லாருக்கும் சொல்றேன், கேட்டுக்குங்க. அடுத்த தடவை கதவுப்பிடியைத் துடைச்சுக்கிட்டே இருக்காம ஜன்னலைத் திறங்க. என்95 போட்டா மூக்குக் கம்பியை ரெண்டு கை விரலாலயும் அழுத்துங்க. தாடி இருந்தா ஓரத்துல காத்து கசியும். வால்வு வெச்சது வேண்டவே வேண்டாம், நீங்க விடுற மூச்சு வடிகட்டாமலே வெளியே போகும். கழுத்துல தொங்கவிட்டா அது தாவணி.

கண்மணி:
காற்றோட்டம், நான் அட்வைஸ் கேட்கவே இல்லையே. வழிப்போக்கன், நான் எதையும் குழப்பலை. வாசல்ல எழுதுற கணக்கே பொய்யின்னா, சாயங்காலம் டிவியில படிக்கிற கணக்கை மட்டும் எப்படி நம்புறது?

மழைக்காலம்:
நான் அந்தப் பக்கம் இருந்தவ. தொற்று வந்தவங்க யார் யாரைச் சந்திச்சாங்கன்னு போன்ல விசாரிக்கிற வேலை. ஒருத்தர் "வீட்டுக்கு யாருமே வரலைங்க"ன்னு சாதிச்சார். பின்னாலேருந்து ஒரு குழந்தை, "மாமா வந்தாரே, பந்து குடுத்தாரே"ன்னுது. டக்குனு லைன் கட். திரும்பக் கூப்பிட்டா சுவிட்ச் ஆஃப். பொய் சொல்றாங்கன்னு எங்க மேலதிகாரி கத்துவார். மாமா தினக்கூலியா இருந்தா? வீட்டோட இருன்னு மட்டும்தான் நாங்க சொல்லலாம், அந்த நாளுக்குக் கூலி யார் தருவான்னு அவங்க கேட்டா எங்ககிட்ட பதிலே கிடையாது.

காற்றோட்டம்:
கண்மணி, வேண்டாம்னா படிக்காம தாண்டிப் போங்க. ஆனா அந்த வால்வு விஷயம் நிஜம், நம்பிக்கை இல்லைன்னா விசாரிச்சுப் பாருங்க.