மூன்று ஃபயர்பால், ஒரு மரப்பாலம், ஏழாம் அட்டை

ஆட்டம் நடத்தியவர்:

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில், அதாவது ஒருவர் கதையை நடத்த மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் ஆட்டத்தில், படையோடு படையை மோதவிட்டு ஆடியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். முதலில் என்னுடையது. நானே எழுதிய சாகசம், 38 பக்கம், அச்சில் வராதது. மலைக்கணவாயில் ஓர் ஊர், அதில் இருநூறு காவலர்கள். எதிரே காப்ளின் என்ற குட்டிப் பூதங்களும் ஹாப்காப்ளின் என்ற அவற்றின் பெரிய இனமுமாக ஆயிரத்துக்கும் மேல். விடியும்வரை ஊரைக் காக்க வேண்டும், அவ்வளவுதான் கதை.

முதல் தடவை ஒவ்வொரு வீரனுக்கும் பகடை உருட்டினேன். மூன்று மணி நேரத்தில் நான்கு சுற்றுதான் முடிந்தது. ஒரு சுற்று ஆறு நொடி என்பதால் கதைக்குள் 24 நொடி மட்டுமே கடந்திருந்தது. ஆட வந்தவர்கள் வாய் திறக்காமல் எழுந்து போனார்கள். அந்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அப்புறம் பழைய விதிகளைத் தேடிப் படித்தேன். இந்த ஆட்டம் பிறந்ததே படைப்போரிலிருந்துதான். கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெர்ரனும் 1971இல் வெளியிட்ட செயின்மெயில், சின்னப் பொம்மைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டு. அதில் ஒரு பொம்மை இருபது வீரர்களுக்குக் கணக்கு. பின்பகுதியில் வரும் மாயக்கதை விதிகளில் 'ஹீரோ' என்பவன் நான்கு வீரர்களுக்குச் சமம். அங்கிருந்துதான் 1974இல் தனி ஆள்களின் ஆட்டம் கிளம்பியது. இருபது பேருக்கு ஒன்று என்ற அந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டேன். இருபது காவலருக்கு ஓர் அட்டை, மொத்தம் பத்து அட்டை.

பகடையையும் குறைத்தேன். ஆட்டம் நடத்துகிறவருக்காக 2014இல் வந்த டன்ஜன் மாஸ்டர் நூலில் கும்பலாகத் தாக்குவதற்கு ஓர் அட்டவணை உண்டு. ஹாப்காப்ளினின் ஆர்மர் கிளாஸ், அதாவது குத்து பட எட்ட வேண்டிய எண், 18. காவலனின் பகடையோடு 3 கூட்டல். ஆக இருபது முகப் பகடையில் 15 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். அட்டவணைப்படி நான்கு பேர் குத்தினால் ஒரு குத்து படும். இரண்டு அட்டைக் காவலர் நாற்பது பேர் ஈட்டியோடு நின்றால் பத்துக் குத்து, சுமார் மூன்று ஹாப்காப்ளின் சாய்வார்கள். வாய்க்கணக்காகவே போட்டுவிடலாம். மிச்சமான நேரமெல்லாம் ஆடுகிறவர்களின் முடிவுகளுக்குத்தான். இரண்டாம் தடவை என்ன நடந்தது என்பதை அன்று ஆடியவர்களே சொல்லட்டும்.

மந்திரவாதியாக ஆடியவர்:

ஆறாம் நிலை மந்திரவாதி நான். ஒரு நாளைக்கு மூன்று ஃபயர்பால், அதாவது வெடிக்கும் நெருப்புப் பந்து மந்திரம். முதலாவதை ஆற்றுத்துறையில் நெருக்கியடித்து இறங்கிய காப்ளின் கூட்டத்தின் மீது போட்டேன். இருபது அடி ஆர வட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவை ஒரே வீச்சில் போயின. எல்லோரும் மேசையைத் தட்டிக் கத்தினோம்.

அதற்குப் பிறகு எதிரித் தளபதி படையைப் பரப்பிவிட்டான். இரண்டாவது வீச்சில் ஒன்பதுதான் விழுந்தன. எனக்கு அது பிடித்திருந்தது. எதிரியும் யோசிக்கிறான் என்றால்தான் அது போர். மூன்றாவதைக் கையிலேயே வைத்திருந்தேன். நள்ளிரவுக்குப் பின் மதில் ஒரு பக்கம் இடிந்தது. மரப்பாலத்தை எரித்தால் எதிரியின் பாதிப் படை அக்கரையிலேயே நின்றுவிடும். ஆனால் ஏழாம் அட்டையும் அக்கரையில்தான் இருந்தது.

காவல் தலைவியாக ஆடியவர்:

அந்த ஏழாம் அட்டை என்னுடையது. ஆட்டம் தொடங்கும் முன் சும்மா இருந்த நேரத்தில் அதன் பின்பக்கம் இருபது பேர் எழுதி வைத்திருந்தேன். கொல்லனின் இரண்டு மகன்கள், மீன்பிடிக்கிறவர், போன மாதம் கல்யாணமான ஒருவன். யாரும் எழுதச் சொல்லவில்லை.

பாலத்தை எரிக்கட்டுமா என்று கேட்டபோது நான் பதில் சொல்லவில்லை. அட்டையைத் திருப்பிப் போட்டு, இருபது பெயரையும் வாசித்தேன். வாசித்து முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேசவில்லை. பிறகு என் கேரக்டரைப் பாலம் தாண்டி அக்கரைக்கு அனுப்பினேன். அவர்களை விட்டுவிட்டு இக்கரையில் நிற்க அவளால் முடியாது. "இப்போது எரி" என்றேன்.

ஆறு சுற்று தாக்குப்பிடித்தோம். காட்டுப் பக்கமாகப் பின்வாங்கியதில் ஐந்து பேர் உயிரோடு வந்தார்கள். என் கேரக்டர் வரவில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கல்யாணமானவன் அந்த ஐந்தில் உண்டா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலையில் போன் போட்டுக் கேட்டேன்.

ஆட்டம் நடத்தியவர்:

உண்டு என்றுதான் சொன்னேன். எந்தப் பகடையும் உருட்டவில்லை, அந்தப் பொறுப்பு என்னுடையது.

பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு பரிசலாவது வைக்கக்கூடாதா என்று பிறகு கேட்டார்கள். யோசித்துப் பார்த்தேன், வைக்கவில்லை. மாற்றியது ஒன்றே ஒன்று. இப்போது பத்து அட்டைகளின் பின்பக்கத்திலும் இருபது வரி கோடு போட்டு, ஆட்டத்துக்கு முன் ஒரு பேனாவோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.