ரோபோடெக் செய்தது சேவையா, சேதமா?

கடலோடி:
அமெரிக்காவுக்கு அனிமே என்ற ஜப்பானியக் கார்ட்டூனைக் கொண்டுபோய்ச் சேர்த்ததே ரோபோடெக்தான் என்று நாலு பேர் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள். நடந்தது இதுதான். மேக்ரோஸ், சதர்ன் கிராஸ், மோஸ்பியாடா என்று மூன்று ஜப்பானியத் தொடர்கள். மூன்றிலும் தட்சுனோகோ நிறுவனத்தின் கை இருந்தது என்பதைத் தவிர ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஹார்மனி கோல்ட் நிறுவனம் அவற்றை வாங்கித் தைத்து, 1985இல் 85 பகுதிகள் கொண்ட ஒரே கதையாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. சதர்ன் கிராஸ் நடப்பது குளோரி என்ற கிரகத்தில். அதைப் பெயர்த்துப் பூமியில் வைத்தார்கள். மேக்ரோஸில் மேக்ஸ், மிலியா தம்பதிக்கு ஒரு கைக்குழந்தை உண்டு. சதர்ன் கிராஸின் நாயகி ஜீன், அந்தக் குழந்தை வளர்ந்து வந்த டேனாவாம்! அவளை வரைந்தவர்களுக்கே தெரியாத அப்பா அம்மா. மேக்ரோஸுக்கு ஹனேடா கென்டாரோ போட்ட இசையும் போயிற்று.

பழைய_கேசட்:
தம்பி, கோபம் நியாயம்தான், கொஞ்சம் கணக்கும் பாருங்கள். வார நாட்களில் தினம் ஒன்று என்று ஓட்ட, அன்று அமெரிக்க நிலையங்கள் 65 பகுதிகளாவது கேட்டன. மேக்ரோஸில் இருந்தது 36. மீதி 29ஐ ரோபோடெக்கின் தயாரிப்பாளர் கார்ல் மேசெக் வீட்டில் உட்கார்ந்து வரைந்திருக்க வேண்டுமா?

கடலோடி:
சரி அண்ணா, அப்படியானால் இன்னொரு தொடரை மட்டும் சேர்த்திருக்கலாமே?

பழைய_கேசட்:
மோஸ்பியாடா 25. கூட்டினால் 61. சதர்ன் கிராஸ் 23, கூட்டினால் 59. மூன்றாவது இல்லாமல் கடை திறக்காது.

வெட்டியதை மட்டும் சொல்கிறீர்கள், வெட்டாமல் விட்டதையும் சொல்லுங்கள். 18ஆம் பகுதியில் மேக்ரோஸின் போர் விமானி ராய் ஃபோக்கர் சண்டை முடிந்து காதலி கிளாடியா வீட்டுக்கு வருகிறார். அவள் அன்னாசி சாலட் செய்துகொண்டிருக்கிறாள், இவர் கிட்டார் வாசிக்கிறார், அப்படியே சரிந்து விழுகிறார். காயம்பட்டதை யாரிடமும் சொல்லவில்லை. செத்துப்போகிறார். அதை அப்படியே காட்டினார்கள். 27ஆம் பகுதியில் பூமியே ஏறக்குறைய அழிவதையும் மறைக்கவில்லை. 1978இல் காட்சாமன் என்ற ஜப்பானியத் தொடரை ‘பேட்டில் ஆஃப் தி பிளானட்ஸ்’ ஆக்கியவர்கள் என்ன செய்தார்கள்? வன்முறையை வெட்டியெறிந்துவிட்டு, அந்த ஓட்டையை அடைக்க ஒரு பேசும் ரோபோவைப் புதிதாக வரைந்து நுழைத்தார்கள். அந்தக் காலத்தை வைத்துத்தான் மேசெக்கை எடை போட வேண்டும். பிறகு ஸ்ட்ரீம்லைன் பிக்சர்ஸ் நிறுவனம் மூலம் அகிரா என்ற அனிமே படத்தை அமெரிக்கத் திரையரங்குகளுக்குக் கொண்டுபோனதிலும் அவர் பங்கு உண்டு.

நிலாமதி:
இரண்டு பேருமே 1985லேயே நிற்கிறீர்கள். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு எரிச்சல். வெளிநாட்டு உரிமம் ஹார்மனி கோல்ட் கையில், வடிவமைப்புகள் ஜப்பானில் பிக் வெஸ்ட், ஸ்டூடியோ நூவே நிறுவனங்கள் கையில். இந்த இழுபறியில் பின்னால் வந்த மேக்ரோஸ் தொடர்கள் பெரும்பாலும் ஜப்பானைத் தாண்டவே இல்லை. 2021இல்தான் சமரசம். மேக்ரோஸ் ஃப்ரான்டியர் 2008இல் வந்த தொடர்! முறையாகக் காசு கொடுத்துப் பார்க்கத் தயாராக இருந்தவர்களையும் திருட்டு சப்டைட்டில் பக்கம் தள்ளிவிட்டார்கள்.

பழைய_கேசட்:
அது வக்கீல்கள் செய்த வேலை அம்மா, எடிட்டிங் மேசையில் உட்கார்ந்தவர் செய்தது அல்ல.

கடலோடி:
முதலாளி ஒருவர்தானே அண்ணா? அப்புறம், மாற்றாமல் கொடுத்தால் ஓடாது என்பதையும் நான் ஏற்கவில்லை. 2006இல் ஏடிவி நிறுவனம் மேக்ரோஸை மேக்ரோஸாகவே ஆங்கிலத்தில் டப்பிங் செய்தது. ஜப்பானியத்தில் பாடகிப் பாத்திரமான மின்மேக்குக் குரல் கொடுத்துப் பாடிய ஈஜிமா மாரியே ஆங்கிலத்திலும் பேசினார். ரோபோடெக்கில் அவர் பாட்டையெல்லாம் தூக்கிவிட்டு வேறு பாட்டு போட்டிருந்தார்கள். பாட்டைக் கேட்டு எதிரிப் படையே தடுமாறுகிறது என்பதுதான் கதை. அந்தப் பாட்டையே மாற்றிவிட்டால்?

பழைய_கேசட்:
2006இல் டிவிடி வாங்க ஆள் இருந்தது. அந்த ஆட்களில் பாதிப் பேர் 1985இல் பள்ளிவிட்டு வந்து ரோபோடெக் பார்த்த பிள்ளைகளாகத்தான் இருக்கும்.

நிலாமதி:
இது உங்கள் ஊகம். பார்த்த பிள்ளைகள் வாங்கினார்கள் என்றால், பார்க்காதவர்கள் ஏன் இன்றைக்கும் ஃப்ரான்டியரைத் தேடுகிறார்கள்?

ஓரமாய்_ஒருவன்:
இவ்வளவு நேரம் மேக்ரோஸ் பற்றியே பேச்சு. சதர்ன் கிராஸைத் தனியாகப் பார்த்தவர் இங்கே யாராவது உண்டா? கடைசிப் பகுதிகளில் தொடரை அவசர அவசரமாகச் சுருட்டியிருக்கிறார்கள். என் கணிப்பில் மூன்றில் அது ஒன்றுதான் ரோபோடெக்கில் கொஞ்சம் தேறியது, டேனாவுக்கு முன்கதை என்று ஒன்றாவது கிடைத்தது.

கடலோடி:
அட, இதற்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் தனி இழை திறங்கள், இங்கே ஆரம்பித்தால் விடிந்துவிடும்.