புதுப்பிப்பு: புல்லை உருக்கியது ஜன்னல்!

அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் என் வீட்டுப் பின்புறத்தில் செயற்கைப் புல் ஒரு முழ நீளத்துக்குப் பொசுங்கியதையும், பக்கத்தில் ஒட்டு பிரிந்ததையும் ஜூனில் எழுதியிருந்தேன். வெயில்தான் காரணம் என்றீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் 2023 கோடையில் இங்கே தொடர்ந்து 31 நாள் 43 டிகிரியைத் தாண்டியபோதுகூட இதே புல் தாக்குப்பிடித்தது. சரி பார்ப்போமென்று ஒருநாள் மூன்று மணிக்குப் போய் நின்றேன். பொசுங்கிய கோட்டின் மேலேயே பளீரென்று ஓர் ஒளிப்பட்டை! மேற்கு ஜன்னலிலிருந்து வருகிறது. போன குளிர்காலத்தில் மாற்றிய, வெப்பத்தடுப்புப் பூச்சுள்ள இரட்டைக் கண்ணாடி அது. இரண்டுக்கும் நடுவே அழுத்தம் குறைந்தால் கண்ணாடி லேசாக உட்குழிந்து, குழியாடிபோல வெயிலைக் குவிக்கும். ஏசி கரண்ட் பில்லை மிச்சம் பிடிக்கப் போய் இந்தச் செலவு.

முதலில் ஜன்னலுக்கு வெளியே வலைத்திரை மாட்டினேன். அப்புறம்தான் ஒட்டுவேலை. கருகியதை வெட்டியெடுத்து, மிச்சமிருந்த துண்டை இழை சாயும் திசை பார்த்து வைத்து, அடியில் இணைப்பு நாடா போட்டு ஒட்டினேன். பகலில் பசை பரப்புவதற்குள் காய்ந்துவிடுகிறது, மாலையில் செய்யுங்கள். கடைசியில் சிலிக்கா மணல் தூவி, இழைக்கு எதிர்ப்பக்கமாகத் துடைப்பத்தால் தள்ளினேன்.

ஒட்டு நிற்கிறது. புதுத் துண்டு மட்டும் கொஞ்சம் கூடுதல் பச்சையாகத் தெரிகிறது. அடுத்த புழுதிப்புயல் பார்த்துக்கொள்ளும்.